மூன்று பேருக்குத்தான் இடம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் கெட்டவன் நான்தான். கடைசியில் மனம் மாறி நான் அழுவேன் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

என் பெயர் தனசேகரன். செஞ்சியில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞான வாத்தியார். எண்பத்தாறாம் வருஷம் எனக்கு முப்பத்தொன்பது வயது. கொஞ்சம் தொப்பை, நாலு படி ஏறினால் மூச்சிரைப்பு, இமயமலை ஏற வேண்டும் என்கிற ஆசை. ஒரு பழைய ஆங்கிலப் பத்திரிகையில் படம் பார்த்ததிலிருந்து வந்த ஆசை அது. கட்வால் பக்கம் சோமதாரா என்று ஒரு சிகரம், பதினெட்டாயிரம் அடி. பஸ் நிற்கும் கடைசி ஊரிலிருந்து எட்டு நாள் நடை. வழியில் டீக்கடை கிடையாது, மனிதர் கிடையாது. அரிசி, அடுப்பு, கூடாரம், படுக்கை எல்லாம் நம் முதுகில்தான் போக வேண்டும்.

அந்தப் படத்தை வெட்டி வகுப்பறையில் ஒட்டினேன். ஒட்டியதோடு விட்டிருக்கலாம். வருகிற மே மாதம் நான் அங்கே நின்றுகொண்டிருப்பேன் என்று பிள்ளைகளிடம் சொல்லித் தொலைத்தேன். இரண்டே நாளில் ஊருக்கே தெரிந்துவிட்டது. தலைமையாசிரியர் காலைக் கூட்டத்தில் என்னை மேடைக்குக் கூப்பிட்டுக் கைதட்ட வைத்தார். சலூனில் முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலிக்காரர் பனியைப் பற்றி என்னிடம் சந்தேகம் கேட்டார். என் மனைவி ரத்தினம்மாள் மட்டும், "மொதல்ல மாடிக்கு ஒரு கொடம் தண்ணி தூக்கிக்கினு ஏறுங்க பாக்கலாம்" என்றாள். அன்று முதல் அவளோடு மலையைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டேன்.

துணைக்கு இரண்டு பேர் சேர்ந்தார்கள். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மண்டி வைத்திருந்தவர் மகன் பச்சைமுத்து, இருபத்தாறு வயது, மாடு மாதிரி உடம்பு. தபால் ஆபீஸில் வேலை பார்த்த செல்லப்பன், ஒல்லி, ஆனால் சைக்கிள் மிதித்துப் பழகிய கால். பொங்கல் முடிந்ததும் பச்சைமுத்துவின் மண்டியில் தினமும் சாயங்காலம் கூடித் திட்டம் போட்டோம். என்னென்ன எடுத்துப் போவது என்று சுவரில் கரித்துண்டால் எழுதினோம். அவல், வெல்லம், பொட்டுக்கடலை மாவு, புளிக்காய்ச்சல், மண்ணெண்ணெய், கயிறு. மூட்டை நிறுக்கிற தராசில் பொட்டலத்தை நிறுத்தால் முள் அசையவே இல்லை. ஆகவே எதற்குமே எடை கிடையாது என்று நினைத்துக்கொண்டு பட்டியலை நீட்டிக்கொண்டே போனோம். கடைசியில் எல்லாவற்றையும் சாக்கில் கட்டித் தூக்கிப் பார்த்தபோதுதான் தலைக்குப் பதினெட்டுக் கிலோ என்று தெரிந்தது. செல்லப்பன் தன் அம்மா கொடுத்த மாங்காய் ஊறுகாய் ஜாடியை மட்டும் விட்டுத்தர மாட்டேன் என்று இரண்டு நாள் சண்டை போட்டான்.

முதுகுப் பைக்கு எங்கே போவது? சென்னையில்கூடக் கிடைப்பது அரிது. கடைத்தெருவில் லாரிக்குத் தார்ப்பாயும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சீருடையும் தைக்கிற கௌஸ் பாஷாவிடம் போனேன். அவருடைய மகள் சாஜிதா என் ஒன்பதாம் வகுப்பு மாணவி, எல்லாப் பாடத்திலும் முதல். பத்திரிகையிலிருந்த பையின் படத்தை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாஷா வெகுநேரம் பார்த்தார். நாலு நாள் கழித்துத் தார்ப்பாயில் பை, கட்டில் நாடாவில் தோள்வார், இடுப்புக்கு ஒரு வார், உள்ளே சைக்கிள் சீட்டு ஸ்பாஞ்சு வைத்துத் தைத்திருந்தார். என் முதுகில் மாட்டி, அங்கங்கே குண்டூசி குத்தி, பிரித்து மறுபடியும் தைத்துக் கொடுத்தார். அடுத்தது தூங்கும் பை. இலவம்பஞ்சை அடைத்து, குறுக்கே பட்டை பட்டையாகத் தைத்தார். அவ்வளவு சுத்தமான வேலை.

பச்சைமுத்துவையும் செல்லப்பனையும் கூட்டிப்போய் அளவு கொடுக்கும்போதுதான் பாஷா கேட்டார். "நானும் வரலாமா சார்? பதினஞ்சு வயசுலேர்ந்து உக்காந்தே இருக்கேன்."

வெளியே வந்து மூவரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் நான்தான் சொன்னேன், ஆளைச் சேர்த்துக்கொண்டால் நாலு பேர் சாமானும் தையற்கூலி இல்லாமல் முடிந்துவிடும், பிறகு ஏதாவது சொல்லிக் கழற்றிவிடலாம் என்று. பச்சைமுத்துவுக்கும் செல்லப்பனுக்கும் அந்த யோசனை பிடித்துப்போயிற்று. கழற்றிவிடுவது எப்படி என்று மட்டும் அன்றைக்கு நாங்கள் பேசவில்லை.

பயிற்சி தொடங்கியது. விடியற்காலையில் பதினெட்டுக் கிலோவை முதுகில் கட்டிக்கொண்டு ராஜகிரிக் கோட்டை ஏற வேண்டும். வெளியூர்க்காரர்கள் சும்மா ஏறிவிட்டு வந்து கால் வலி என்று இரண்டு நாள் படுக்கிற மலை அது. முதல் நாள் பாதி வழியில் நான் படியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். பாஷா மேலே உச்சிக்கு முன்னால் இருக்கிற மரப்பாலத்தைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்து, என் மூட்டையையும் சேர்த்து மாட்டிக்கொண்டு மறுபடி ஏறினார். முப்பது வருஷமாகத் தையல் மெஷினை மிதித்த கால். எங்களுக்கு அது தோன்றவே இல்லை. உட்கார்ந்து வேலை பார்க்கிறவனுக்குக் காலில் என்ன பலம் இருக்கும் என்றுதான் படித்த நாங்கள் நினைத்திருந்தோம்.

போட்டி வைத்தோம். மலை ஏறுவதில் பாஷா முதல், பச்சைமுத்து இரண்டாவது, செல்லப்பன் மூன்றாவது, நான் கடைசி. அடுத்த ஞாயிறு வல்லம் வரை சுமையோடு நடந்து திரும்ப வேண்டும். வெயில் ஏறிவிட்டது. திரும்பும்போது மற்ற மூவரும் கண்ணுக்கு மறைந்து வெகுநேரம் ஆகியிருந்தது. மல்லாட்டைக் கொடி ஏற்றிக்கொண்டு ஒரு மாட்டுவண்டி வந்தது. ஏறிப் படுத்துக்கொண்டேன். ஊர் எல்லைக்குக் கொஞ்சம் முன்னால் குதித்து இறங்கினேன். இறங்கிய இடத்தில், கையில் தண்ணீர்ப் புட்டியோடு பாஷா நின்றுகொண்டிருந்தார். என்னைக் காணோமே என்று தேடித் திரும்பி வந்திருக்கிறார்.

அவர் என் முதுகில் ஒட்டியிருந்த கொடியைத் தட்டிவிட்டார், தண்ணீர் கொடுத்தார், பக்கத்திலேயே மெதுவாக நடந்து வந்தார். மண்டிக்கு வந்ததும் பச்சைமுத்துவிடம், "சாரு முழுக்க நடந்தே வந்துட்டாரு" என்றார்.

அந்த நிமிஷத்திலிருந்து அவரை எனக்குப் பிடிக்காமல் போயிற்று. காட்டிக்கொடுத்திருந்தால் சண்டை போட்டிருப்பேன், மறந்திருப்பேன். ஒரு தையல்காரர் எனக்காகப் பொய் சொல்லும் நிலைக்கு வந்துவிட்டேனே என்று ராத்திரி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

மே மாதம் சோமதாராவுக்குக் கூட்டிப்போகும் சென்னை மலையேற்றச் சங்கத்துக்கு, எங்களையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி நான் எழுதியிருந்தேன். மார்ச் கடைசியில் அவர்களிடமிருந்து கடிதம் வந்தது. ஆங்கிலத்தில் ஒரு பக்கம். செஞ்சிக்கு மூன்று இடம்தான் கொடுக்க முடியும், யார் அந்த மூன்று பேர் என்பதைத் தகுதி பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள், ஒவ்வொருவரும் டாக்டரிடம் உடம்பு நன்றாக இருக்கிறது என்று சான்றிதழ் வாங்கி அனுப்புங்கள். அவ்வளவுதான் செய்தி. நான் படித்துச் சொன்னதும் பச்சைமுத்து ஒரு சிரிப்புச் சிரித்தான்.

"அப்பிடின்னா நீங்கதான் சார் கழியறீங்க" என்றான்.

பாஷா உடனே, சார்தான் ஆரம்பித்தவர், அவர் போகட்டும், நான் நின்றுகொள்கிறேன் என்றார். பச்சைமுத்து ஒப்புக்கொள்ளவில்லை. முதுகில் சுமந்து உயிரோடு திரும்ப வேண்டிய காரியம், வயதுக்கு மரியாதை பார்க்கிற இடம் இல்லை என்று கறாராகச் சொன்னான். அவன் சொன்னது சரி. பாஷா விட்டுக்கொடுத்ததை அப்போதே பிடித்துக்கொண்டிருக்கலாம். ஆனால் ஒரு தையல்காரர் போட்ட பிச்சையில் நான் இமயமலை போனேன் என்று கடைத்தெரு முழுக்கப் பேசுமே! நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, இன்னும் ஒரு பரீட்சை பாக்கி இருக்கிறது, குளிர் தாங்குவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம், அதிலும் பாஷாவே ஜெயித்தால் நான் விலகிக்கொள்கிறேன் என்றேன்.

செஞ்சியில் ஏப்ரல் மாதத்தில் குளிருக்கு எங்கே போவது? திண்டிவனத்துக்குத்தான். மரக்காணத்து மீன் வண்டிகளுக்கு ஐஸ் போட்டுக் கொடுக்கும் ஒரு பேக்டரி அங்கே இருந்தது. முதலாளி பச்சைமுத்துவுக்குத் தெரிந்தவர். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் போனோம். பாஷா எங்கள் நாலு பேருக்கும் கையுறை தைத்துக் கொண்டுவந்திருந்தார். வெளியே ரெக்ஸின், உள்ளே பழைய கம்பளி.

ஐஸ் பேக்டரியைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். தரையோடு தரையாகப் பெரிய தொட்டி. மேலே மரப்பலகை மூடியிருக்கும். பலகையைத் தூக்கினால் உள்ளே உப்புத் தண்ணீர், அதில் நல்ல தண்ணீர் நிரப்பிய டின்களை இறக்கி வைத்திருப்பார்கள். டின்னுக்குள் இருக்கிற தண்ணீர் கட்டியாகிவிடும், சுற்றியிருக்கிற உப்புத் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். எங்கள் ஊர்ப்பக்கத்தில் யாரைக் கேட்டாலும் ஐஸ்தான் குளிர், தண்ணீர் என்ன குளிர்ந்துவிடும் என்பார்கள். உண்மை நேர்மாறு. உப்பு போட்ட அந்தத் தண்ணீர் ஐஸை விடப் பத்து டிகிரி கீழே இருக்கும், அதனால்தான் டின்னில் இருப்பதை உறைய வைக்கிறது. கை வைத்தால் சதையையும் உறைய வைக்கும். இதை நான் ஒன்பதாம் வகுப்புக்கு வருஷா வருஷம் இதே தொட்டியை உதாரணமாகச் சொல்லி நடத்துகிறேன். எனக்குத் தெரியாது என்று சொல்ல வழியே இல்லை.

அங்கிருந்த வேலையாள் எங்கள் கையுறையைப் பார்த்துவிட்டு, "உள்ள கைய வெக்காதீங்க சார், சுட்டுடும்" என்றான். அவனை நாலு சோடா வாங்கி வரச்சொல்லி வெளியே அனுப்பினேன். ஒரு டின்னைத் தூக்கிய ஓட்டை வழியாகக் கையை முழங்கை வரை விட வேண்டும், நான் கடிகாரம் பார்ப்பேன், என் முறை கடைசி என்றேன். செல்லப்பன் ஒரு நிமிஷத்தில் கையை எடுத்துக்கொண்டு குதித்தான். பச்சைமுத்து கெட்ட வார்த்தையாகச் சொல்லிக்கொண்டு இரண்டு நிமிஷம் வைத்திருந்தான். இருவரும் கையை உதறிக்கொண்டு வெயிலுக்கு ஓடினார்கள். இரண்டு நிமிஷத்தைத் தாண்டினாலே பாஷாவுக்கு வெற்றி.

உள்ளே நானும் அவரும் மட்டும். நான் அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. இதை அவர்கள் முன்னால் சொல்லக்கூடாது என்று இருந்தேன் பாய், சங்கத்துக்காரர்கள் படிக்காத ஆள் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்கள், குளிரில் பன்னிரண்டு நிமிஷம் கை தாங்கினால் மட்டும் விதிவிலக்கு உண்டு, தாங்கினீர்கள் என்றால் நானே கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன் என்றேன். ஐஸ்தான் ஆபத்து, இது உறையாத தண்ணீர், ஆரம்பத்தில் வலிக்கும், அப்புறம் சரியாகிவிடும் என்றும் சொன்னேன்.

ஒரு நல்ல பேச்சுக்கு அவர் எவ்வளவு ஏங்கியிருக்கிறார் என்று அப்போது அவர் முகத்தில் தெரிந்தது. "நீங்க இருக்கீங்கள்ல சார்" என்றார். பிஸ்மி சொல்லிக் கையை விட்டார்.

ரெக்ஸினின் தையல் வழியாகத் தண்ணீர் உடனே புகுந்திருக்கும். மூன்றாவது நிமிஷம் அவர் பல் கிட்டியது. ஐந்தாவது நிமிஷம் கண்ணில் தண்ணீர் ஓடியது. எடுத்துவிடட்டுமா என்று கேட்டார். இன்னும் ஏழு நிமிஷம்தான் பாய் என்றேன். எட்டாவது நிமிஷம் முகம் தெளிந்தது.

"மரத்துப் போச்சு சார். இப்ப வலிக்கவே இல்ல."

மரத்துப்போவதுதான் ஆபத்தின் அடையாளம் என்று எனக்குத் தெரியும். பிரமாதம் என்றேன்.

ஒரு வாரம் கை வீங்கிக் கிடக்கும், டாக்டர் சான்றிதழ் தரமாட்டார், மூன்றாவது இடம் எனக்கு வந்துவிடும், யாரும் என்னைப் பழிக்க முடியாது. இவ்வளவுதான் நினைத்தேன் என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். கடிகாரத்தில் முள் பன்னிரண்டாவது சுற்றை முடிக்கிறவரை வாயைத் திறக்கவில்லை.

கையுறையைக் கழற்றியபோது வலது கை விரல்கள் மெழுகு மாதிரி வெளுத்து, தட்டினால் கட்டைச் சத்தம் வந்தது. பாஷா சிரித்துக்கொண்டே வெளியே போய் அதைச் செல்லப்பனிடம் காட்டினார். ஜெயித்துவிட்டாரே! செல்லப்பன் பயந்துபோய் அந்தக் கையைப் பரபரவென்று தேய்த்தான், டீக்கடை அடுப்புக்குப் பக்கத்தில் காட்டச் சொன்னான். இரண்டும் செய்யக்கூடாதவை. அதுவும் எனக்குத் தெரியும். மரத்த கையை அவர் அடுப்புக்கு எவ்வளவு கிட்டத்தில் வைத்திருந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. என் முறை பாக்கி இருக்கிறது என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

திரும்புகிற பஸ்ஸில் உணர்ச்சி திரும்பியது. வல்லம் தாண்டுவதற்குள் அவர் சீட்டுக் கம்பியைக் கடித்துக்கொண்டு அலற ஆரம்பித்துவிட்டார். நாலு நாளில் விரல் நுனிகள் கறுத்தன. இரண்டு வாரம் கழித்து ஆஸ்பத்திரியில் வலது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றிலும் மேல் கணுவை எடுத்துவிட்டார்கள். ஊசியில் நூல் கோக்கிற மூன்று விரல்.

ஊரில் என்ன பேசினார்கள் தெரியுமா? பாவம், ரோஷக்காரர், பன்னிரண்டு நிமிஷம் கையை வைத்திருந்தாராமே என்று பேசினார்கள். பச்சைமுத்து மட்டும் ஒருநாள் மண்டியில், ஏன் சார் நீங்கள் எடுக்கச் சொல்லவில்லை என்று கேட்டான். எனக்கு என்ன தெரியும், அவர்தான் ஜெயித்தே தீருவேன் என்று நின்றார் என்றேன். அவன் அதற்குமேல் கேட்கவில்லை. அவனுக்கும் மலைக்குப் போக வேண்டும், கடிதப் போக்குவரத்தெல்லாம் என் பெயரில் இருந்தது. டாக்டர் எனக்குச் சான்றிதழ் கொடுத்தார். மூன்று பெயரையும் எழுதிச் சென்னைக்கு அனுப்பினேன். பள்ளிக்கூடத்தில் பூமாலை போட்டு வழியனுப்பு விழா நடத்தினார்கள். ரத்தினம்மாள் வரவில்லை.

புறப்படுவதற்கு முதல்நாள் காலையில்தான் என் பை இன்னும் பாஷா கடையிலேயே இருக்கிறது என்று நினைவு வந்தது. இடுப்பு வார் பிய்ந்துபோய், திண்டிவனம் போவதற்கு முன்பே தைக்கக் கொடுத்திருந்தேன். வேறு பை கிடையாது. போகாமல் இருக்க முடியாது.

மெஷினில் சாஜிதா உட்கார்ந்திருந்தாள். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, என் பையைத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். பத்தாவதுக்கு வர வேண்டிய பெண். பாஷா பக்கத்தில் பெஞ்சியில், கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, எங்கே மடிக்க வேண்டும், எங்கே திருப்ப வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து இடம் விட்டார். அவர் மனைவி ஜாஹிதா பேகம் உள்ளேயிருந்து டீ கொடுத்தனுப்பினாள். குடித்தேன்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் தன் பெயரை எடுத்துவிடச் சொன்னாள் சாஜிதா. தலை நிமிராமலே சொன்னாள். சரி என்றேன். அவள் கன்னம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. என்ன என்று நான் கேட்காமலே பாஷா சொன்னார்.

"நேத்து அடிச்சிட்டேன் சார். இத்தன வயசுல மொத தடவ. உங்களப் பத்தித் தப்பாப் பேசிட்டா."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். சாஜிதா மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அழவில்லை. வகுப்பில் சந்தேகம் கேட்கும்போது எழுந்து நிற்பாளே, அதேபோல எழுந்து நின்றாள்.

"உப்புத் தண்ணி ஐஸைவிடப் பத்து டிகிரி கீழ இருக்கும், கைய வெச்சா வெரலு போயிடும்னு நீங்கதான சார் சொன்னீங்க? ஐஸ் பேக்டரி தொட்டின்னே சொன்னீங்க. அத்தா நம்ப மாட்றாரு. நீங்களே சொல்லுங்க சார்."

பாஷா என்னைப் பார்த்தார். இத்தனை நாளில் முதல் முறையாக அவர் கண்ணில் ஒரு பயம் இருந்தது. நான் ஆமாம் என்று சொல்லிவிடுவேனோ என்கிற பயம். விரல் போனதைக்கூட அவர் தாங்கிக்கொண்டுவிட்டார், இதைத் தாங்க மாட்டார் என்று தெரிந்தது. அவருக்காகத்தான் பொய் சொன்னேன் என்று சொல்லிக்கொள்ளவும் எனக்கு அது வசதியாக இருந்தது. ஆனால் உண்மையில் நான் நினைத்தது மறுநாள் ரயிலைப் பற்றி.

"நான் அப்பிடி நடத்தவே இல்லம்மா. நீ தப்பாப் புரிஞ்சிக்கின" என்றேன்.

அந்தப் பெண் ஒரு பாடத்தையும் தப்பாகப் புரிந்துகொண்டதே கிடையாது. அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு விளங்கிவிட்டது. பாஷா பெருமூச்சு விட்டு, பார்த்தியா, நான் சொன்னேன் இல்லையா, சாரிடம் மன்னிப்புக் கேள் என்றார். அவள் அசையவில்லை. அவர் கட்டுப் போட்ட கையைத் தூக்கினார்.

"மன்னிச்சிடுங்க சார்" என்றாள் சாஜிதா.

பரவாயில்லை என்றேன். அவள் உட்கார்ந்து கடைசித் தையலைப் போட்டு, நூலை அறுத்து, பையை நீட்டினாள். முதுகில் மாட்டி இடுப்பு வாரை இழுத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது, கிளம்பிவிட்டேன்.